குடிக்காத சாந்தாவைக் குடியிலிருந்து மீட்க ஜெபித்தோம்

என் மனைவி சாந்தா குடிகாரி அல்ல. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேர், போன ஆடி மாதம், அவள் குடியை விடவேண்டும் என்று உபவாசம் இருந்தீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஆனால் நன்றிதான் அதிகம். எப்படி என்று சொல்கிறேன்.

மேடையில் ஏறிச் சாட்சி சொல்ல எனக்கு வராது. அதனால்தான் பாஸ்டர் நம் சபைப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். என் பெயர் தாவீது. சிங்காநல்லூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். நயமாகப் பேசத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

சாந்தா வீட்டு முன்னறையில் இட்லி மாவு ஆட்டி விற்றுக்கொண்டிருந்தாள். கிரைண்டர் ஓடும் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுப் பேசுவாள். தூக்குப்போசியை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள் மாவை வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். யார் வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் வரவில்லை, யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஒறம்பரைச் சனங்கள் வந்தார்கள், எல்லாம் அங்கேதான் ஓடும். பக்கத்துப் பட்டறையிலிருந்து நான் கத்துவேன். "ஏம்மணி, காது போச்சு, கொஞ்சம் மெதுவாப் பேசு." அவள் திருப்பிக் கத்துவாள். "பொழுதுக்கும் மோட்டாரு கத்தறது கேக்காது, நான் பேசறது மட்டும் கேட்டுப்போடுங்களாக்கும்."

பொங்கல் முடிந்த வாரம் அவள் உக்கடத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் ஏறினாள். கால் படியில் இருந்தது, கை இன்னும் கம்பியைப் பிடிக்கவில்லை. பின்னால் வந்த பஸ்ஸுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று டிரைவர் எடுத்துவிட்டான். சாந்தா மல்லாக்க விழுந்தாள். பின்தலை சிமெண்ட் விளிம்பில் மோதியது. விழுந்தவளைத் தூக்கிவிடாமல் அந்த பஸ் போய்விட்டது. அந்த டிரைவரை நான் இன்னும் மன்னித்து முடிக்கவில்லை. மன்னித்துக்கொண்டிருக்கிறேன். வேலை நடக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். நம் சபை இரவு பகலாக ஜெபித்தது. பிழைத்தாள். மாசி மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தாள். நடந்தே வந்தாள். தெருவே வந்து பார்த்தது. "அவிங்க நல்லாத்தான இருக்கறாங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

நன்றாக இல்லை. என் வீட்டுக்கு வந்தது சாந்தாவின் உடம்பு மட்டும்தான்.

எழு என்றால் எழுவாள். உட்கார் என்றால் உட்காருவாள். தட்டை முன்னால் வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிடு என்றால் ஒரு வாய் எடுத்து வைப்பாள். அடுத்த வாய்க்கு மறுபடியும் சொல்ல வேண்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வெகுநேரம் கழித்து "ம்" என்பாள். கேட்காவிட்டால் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் காலில் கட்டெறும்பு ஏறிக் கடித்து, கால் சிவந்து போயிருந்தது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டிவிடவில்லை.

அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எங்கள் ஒரே மகள் ஓசூரிலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேரனை மடியில் வைத்தோம். வைத்தபடி இருந்தாள். குழந்தை நழுவியது. பிடிக்கவில்லை. மகள்தான் பாய்ந்து பிடித்தாள். அன்றைக்கு மகள் அழுத அழுகையை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அடி பின்னால் பட்டாலும், மூளை முன்பக்கம் போய் மோதி அங்கேதான் அதிகம் நசுங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்குப் பேச்சு தெரியும். கை கால் வேலை செய்யும். எதையும் தானாகத் தொடங்கத்தான் முடியவில்லை.

எனக்கு இது என் தொழிலில் புரிந்தது. சிங்கிள் பேஸ் மோட்டாரில் அதைக் கிளப்பிவிட ஒரு கண்டென்சர் இருக்கும். அது போய்விட்டால் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமும். கரண்ட் வந்துகொண்டிருக்கும், காயில் நன்றாக இருக்கும், ஆனால் சுற்றாது. கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டால் ஓடும். நிறுத்தினால் மறுபடியும் கையால் சுற்றிவிட வேண்டும். சாந்தா அப்படி ஆகிவிட்டாள். காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் நான் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தேன். பல் தேய். வாய் கொப்பளி. துப்பு. எழு.

பகலில் நான் பட்டறையில் இருக்கும்போது அவளைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு ராஜாத்தியக்கா. நம் சபைப் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிற அக்கா. தலை வாரிவிட்டு, சோறு ஊட்டி, பாட்டுப் பாடிக் காட்டி, சொந்தத் தங்கச்சியைப் போலப் பார்த்தார். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். பின்னால் அவரைப் பற்றி வேறு மாதிரியும் எழுத வேண்டியிருக்கிறது.

ஈஸ்டர் வந்தது, போனது. பங்குனி வெயில் போய்ச் சித்திரை வெயில் வந்தது. பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் ஒரே பேச்சு. நடக்கிறார்களா, நடக்கிறார்கள். சாப்பிடுகிறார்களா, சாப்பிடுகிறார்கள். அப்படியானால் நல்லது, போய்விட்டு வாருங்கள். அவர்களோடு சண்டை போட்டேன். சண்டை போட்டு என்ன, அவர்களுக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் காத்திருந்தார்கள்.

ஒருநாள் பட்டறையில் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டு நின்றது. கையால் சுற்றிவிடப் போனேன். கை நின்றுவிட்டது. அங்கேயே கிரீஸ் கையோடு உட்கார்ந்து ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சொன்னது இதுதான். "ஆண்டவரே, உயிரைக் கேட்டேன், குடுத்தீங்க. அந்த உயிரை வெச்சுட்டு அவ என்ன பண்றா? என்ற கை ஓஞ்சுபோச்சுங்க. இனிமே நீங்களே சுத்திவிடுங்க. இல்லாட்டி சுத்தறதுக்கு ஒரு ஆளக் காட்டுங்க. சும்மா இருக்காதீங்க."

ஆண்டவரை இப்படி அதட்டலாமா என்று கேட்பீர்கள். நான் அதட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது வழக்கமான டாக்டர் லீவு. அந்த இடத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சின்ன வயது. அவர் சாந்தாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு ஆரஞ்சுப் பழத்தை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். சாந்தா பழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பி, அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"யாரும் சொல்லாம, அவங்களா ஏதாவது செய்யறாங்களா?"

"இல்லீங்க" என்றேன். மோட்டார், கண்டென்சர் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பாதி சரிங்க. கிளப்பிவிடற இடத்துல அடி, அது உண்மைதான். ஆனா அது முழுசாப் போகாம, மேல ஏதோ அமுக்கிட்டு இருக்கவும் வாய்ப்பு இருக்கு" என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வலி தெரியாமல் இருக்க நம் மூளையே அபின் மாதிரி ஒரு பொருளைச் சுரந்துகொள்கிறதாம். அடிபட்ட மூளையில் அது அளவுக்கு மீறிச் சுரந்து, மூளையை மந்தமாக்கி வைத்திருக்கலாம் என்று சில டாக்டர்கள் நினைக்கிறார்களாம். அந்தப் பொருள் போய் உட்காருகிற இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது. பெயர் நால்ட்ரெக்ஸோன்.

"இது இதுக்குன்னு ஏற்பட்ட மருந்து இல்லீங்க. கொஞ்சம் பேருக்குத்தான் குடுத்துப் பார்த்திருக்காங்க. சிலருக்குக் கேட்டிருக்கு, சிலருக்கு ஒண்ணும் ஆகல. நான் சத்தியம் பண்ணித் தரமாட்டேன்."

"எனக்குச் சத்தியம் வேண்டாமுங்க. முயற்சி பண்ணுங்க, போதும்."

உடனே கொடுக்கவில்லை. விழுந்ததில் சாந்தாவுக்கு வந்த தோள் வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். அது அபின் வகையைச் சேர்ந்ததாம். அதை நிறுத்தி, உடம்பிலிருந்து முழுக்க இறங்கிய பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்றார். ஈரல் எப்படி இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். இனிமேல் வலி மாத்திரை, இருமல் மருந்து எதையும் தன்னைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். ஓசூருக்குப் போன் போட்டு மகளிடமும் பேசினார். இத்தனையும் முடிந்து, ஆனி மாதக் கடைசியில் எழுதிக்கொடுத்தார்.

சீட்டை எடுத்துக்கொண்டு எங்கள் பகுதி மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது குடிய நிறுத்தறவிங்களுக்குக் குடுக்கறதுங்களே. ஆருக்குங்க, உங்களுக்குங்களா?"

"எம் பொண்டாட்டிக்கு."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் 'ஐயோ பாவம்' என்று வாய்க்குள் சொன்னார். அங்கேயே விளக்கியிருக்கலாம். எனக்கு ஏறிய கோபத்தில் விளக்கம் வரவில்லை. "சீட்டுல இருக்கறதக் குடுங்க, ஆரு எவருங்கற விசாரணை வேண்டாம்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குடியிலும் போதையிலும் சிக்கியவர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான் இது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அந்த ஆசையையும் இது அமுக்குமாம். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஊர் என்ன நினைக்கும் என்று யோசிக்கவும் இல்லை. ராஜாத்தியக்காவிடம் மாத்திரையைக் கொடுத்து, மதியம் சாப்பிட்டதும் ஒன்று கொடுங்க என்று மட்டும் சொன்னேன். என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. காற்று தூக்கியது. மாத்திரை தீர்ந்த ஒருநாள் எனக்குப் பட்டறையில் வேலை. நீங்களே வாங்கிவந்துவிடுங்கள் என்று காலி அட்டையை ராஜாத்தியக்காவிடம் கொடுத்து அனுப்பினேன். அதே மெடிக்கல். அதே கடைக்காரர். என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொல்லியிருக்கிறார்.

அக்கா என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். கேட்டால் கடித்துவைப்பேன் என்று பயம். அது நியாயமான பயம்தான். ஆனால் அவர் சும்மா இருந்தாரா? அன்று சாயங்காலமே பெண்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் அழுதுகொண்டே பேசி அனுப்பிவிட்டார். அதை எனக்குப் பிறகு போட்டுக் காட்டினார்கள். "பேரு வேண்டாமுங்க அக்காமாரே. நம்ம சபையில ஒரு சகோதரி. மாவு விக்கறவிங்க. தலையில அடிபட்டவிங்க. இத்தன நாளு நமக்குத் தெரியாம ஒரு பழக்கம் இருந்திருக்குதுங்க. அவிங்க விடுதலைக்காக வெள்ளிக்கிழமை உபவாசம். ஆருகிட்டயும் சொல்லாதீங்க."

பெயர் வேண்டாமாம். நம் சபையில் மாவு விற்றுத் தலையில் அடிபட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் விடுதலை உண்டு தம்பி, வெக்கப்படாதீங்க" என்றார். நன்றி என்றேன். இன்னொரு அம்மா தனியாகக் கூப்பிட்டு, "ஊட்டுல ஒளிச்சு வெச்சிருக்கறதெல்லாம் தேடி எடுத்து ஊத்திப்போடுங்க" என்றார். பழைய இருமல் மருந்தைச் சொல்கிறார் போல என்று நினைத்து, எடுத்து ஊற்றிவிட்டேங்க என்றேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். புளித்த மாவு வாடையில்தான் அவள் வாயின் வாடை இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை என்று ஒரு ஞானி கண்டுபிடித்துச் சொன்னாராம். அது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை.

அதே நாட்களில் வீட்டில் ஒன்று நடந்தது. சாந்தாவின் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. அவள் கையைத் தூக்கி விரட்டினாள். நான் வாசல்படியில் அப்படியே நின்றேன். இன்னொரு நாள் நான் கடந்து போனபோது அவள் கண் என் பின்னாலேயே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். பாஸ்டர் வந்தார். முன்னறையில் இடமில்லாமல் வாசல் வரைக்கும் பெண்கள். சாந்தாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். உட்கார்ந்தாள். பாட்டு முடிந்தது. ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். ராஜாத்தியக்கா முறை வந்தது. அவர் சாந்தாவின் தலைமேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அப்பா, இந்த மகளப் பாருங்கப்பா. இவ நல்லவப்பா. ஆரு பழக்கிவிட்டாங்களோ தெரியலப்பா. அந்தப் பாழாப்போன குடி இவ வாயக் கட்டிப்போட்டுதுப்பா. அன்னைக்கு அந்தப் போதையிலதான பஸ்ஸுப் படியில தடுமாறி விழுந்துபோட்டா. மன்னிச்சுப்போடுங்கப்பா. குடியில இருந்து இவள விடுதலையாக்குங்கப்பா."

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் ஆமென் என்றார்கள்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடி எல்லாம் புரிந்துவிட்டது. கையைப் பிடித்த பெரியவர், ஊற்றச் சொன்ன அம்மா, மெடிக்கல், எல்லாம். படியில் கால் வைத்தவளை ஒருவன் கீழே தள்ளிவிட்டுப் போகிறான், அதற்கும் இவள் குடிதான் காரணமா? எழுந்து நின்றுவிட்டேன். என் வாய்க்கு வந்த வார்த்தையை இந்தப் பத்திரிகையில் போட முடியாது. நல்லவேளை, அது வெளியே வரவில்லை. எனக்கு முன்னால் வேறொருவர் பேசிவிட்டார்.

"ஆருக்குங்க்கா குடி?"

கரகரவென்று, வெகுநாள் திறக்காத கதவைப் போல ஒரு குரல்.

ராஜாத்தியக்கா கண்ணைத் திறக்காமலே, அழுகையோடு, "உனக்குத்தாங் கண்ணு" என்றார். சொன்ன பிறகுதான் கேட்டது யார் என்று அவருக்கு உறைத்தது. கண்ணைத் திறந்தார். தலைமேல் வைத்த கை அப்படியே நின்றது.

சாந்தா தலையைத் தூக்கி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானுங்களா?" என்றாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "நான் எப்பங்க்கா குடிச்சேன்? அந்த டிரைவரு... பஸ்ஸ எடுத்துப்போட்டான்."

யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. யாரும் தொட்டு எழுப்பவில்லை. யாரும் சுற்றிவிடவில்லை. பொங்கலுக்குப் பிறகு முதல் தடவையாக, அவளாகத் தொடங்கிப் பேசினாள்.

ராஜாத்தியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்கள் குழுவில் ஓடிய செய்தி அவருக்குத் தெரியாது. "ஆருங்க குடிச்சது?" என்று அவரும் கேட்டார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொருத்தி அழுதாள். சாந்தா கூட்டத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வந்தவிங்களுக்குக் காப்பி குடுத்தாச்சுங்களா?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பாலை வைத்தேன். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதேன். யாரைத் திட்ட எழுந்தேன் என்பது மறந்துவிட்டது. பிறகு ஞாபகம் வந்து, அந்த வாரம் முழுக்கத் திட்டினேன். ராஜாத்தியக்கா கேட்டுக்கொண்டார். "திட்டுங்க தம்பி, நான் பண்ணுனதுக்கு இது பத்தாது" என்றார். கடைசியில், "ஆனா ஒண்ணு, அவ வாயத் தொறந்தாளே" என்றார்.

இதோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படி இல்லை.

சாந்தா தினமும் கொஞ்சம் கொஞ்சம் பேச ஆரம்பித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டருக்கு சந்தோஷம். பிறகு ஒரு குண்டைப் போட்டார். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.

"வெளையாடறீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. மூளை தானாவும் ஆறும். இது மாத்திரையால வந்ததா, நாள்பட்டு வந்ததான்னு எனக்கு இப்பத் தெரியாது. தானா வந்ததுன்னா, எதுக்கு அவங்க தினமும் இதைச் சாப்பிட்டு ஈரலுக்குப் பாரம் ஏத்தணும்?"

நான் முடியாது என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். ஆண்டவர் கொடுத்ததைச் சோதித்துப் பார்க்க நாம் யார் என்றும் கேட்டேன். அப்போது சாந்தா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "நிறுத்திப் பாக்கட்டுங்க" என்றாள். அவள் உடம்பு, அவள் சொல்லிவிட்டாள்.

நிறுத்தினோம். புரட்டாசியில் அவள் என் கண்ணெதிரே மறுபடியும் அமிழ்ந்து போனாள். முதலில் கேள்வி கேட்பது நின்றது. பிறகு சாப்பாட்டுக்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் தட்டின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வதா என்று ஆண்டவரிடம் கேட்டேன்.

ஆனால் இந்தத் தடவை ஒன்று செய்தேன். ஜெபக் குறிப்பை நானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, என் மனைவி சாந்தாவுக்கு மூளையில் அடி, இன்ன மாத்திரை, அதை நிறுத்திப் பார்க்கிறோம், அவள் மறுபடியும் மங்குகிறாள், அதற்காக ஜெபியுங்கள், வேறு எதற்காகவும் ஜெபிக்க வேண்டாம் என்றேன். சபை சிரித்தது. சிரித்துவிட்டு ஜெபித்தது. முன்வரிசையில் மண்டியிட்டவர் ராஜாத்தியக்கா.

அடுத்த நாளே டாக்டர் மறுபடியும் மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். "இப்ப எனக்கு ஓரளவு தெரியுதுங்க. இந்த மாத்திரைதான் அவங்களைத் தாங்கிப் பிடிச்சிருந்திருக்கு" என்றார்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில் நான் பட்டறையைத் திறந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் வந்தது. என் தொழில் அது, தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். மோட்டார் நிற்கிறது, சுற்றவில்லை. ஓடினேன். பொங்கலிலிருந்து யாரும் தொடாத கிரைண்டரின் முன்னால் சாந்தா நின்றுகொண்டிருந்தாள். அரிசியை அவளே ஊறப்போட்டிருக்கிறாள். அவளே கல்லைக் கழுவியிருக்கிறாள். அவளே சுவிட்சைப் போட்டிருக்கிறாள். செய் என்று நான் சொல்லவில்லை, ராஜாத்தியக்கா அன்று வரவே இல்லை.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம். பத்து மாதமாக அந்த முகத்தில் நான் பார்க்காத கோபம்.

"ஊரு மோட்டாரெல்லாம் சரி பண்றீங்க. ஊட்டுல கண்டென்சரு போயிருக்குது. பாத்தீங்களா?"

பார்க்கவில்லை அம்மணி, இப்போது பார்க்கிறேன் என்றேன். பட்டறையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். சுவிட்சை அவளையே போடச் சொன்னேன்.

இனி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கலுக்கு ஓடாதீர்கள். இந்த மாத்திரை எல்லாருக்கும் கேட்காது என்று கொடுத்தவரே சொன்னார். வேறு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அவர் அலட்சியம் செய்தால் சண்டை போட்டுக் கேளுங்கள். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு விசுவாசத்தைக் காட்டு என்று யாராவது வந்தால், என்னிடம் அனுப்புங்கள். அந்த மாத்திரையில்தான் என் ஜெபத்துக்குப் பதில் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க அந்த டாக்டரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சாந்தா முழுக்கப் பழைய சாந்தா ஆகிவிடவில்லை. பாதிப் பேச்சில் நின்றுவிடுகிறாள். மதியத்துக்கு மேல் சோர்ந்துபோகிறாள். மாவு பழைய அளவில் பாதிதான். ஆனால் பேரன் வந்தால் அவளாகக் கையை நீட்டுகிறாள். நான் பட்டறை வேலையை மத்தியானத்தோடு முடித்துக்கொள்கிறேன். சாயங்காலம் தலையில் அடிபட்டவர்கள் வீடுகளுக்கு ராஜாத்தியக்காவோடு போய்வருகிறேன். அவர் ஜெபிப்பார். ஜெபிப்பதற்கு முன்னால், அவர்களுக்கு என்ன, என்ன மருந்து என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அது எங்களுக்குள் ஒப்பந்தம்.

தலையில் அடிபட்ட ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, கையால் சுற்றிவிட்டுச் சுற்றிவிட்டு ஓய்ந்துபோனவர்கள் நம் சபையிலும் இருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்கிறேன். ஆண்டவரிடம் கேளுங்கள். சரியான வார்த்தை தெரியவில்லை என்று நிற்காதீர்கள். நான் அதட்டிக் கேட்டேன், கேட்டார். ஒரு சபையே தப்பான காரணத்தைச் சொல்லி அழுதது, அதையும் கேட்டார். எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதை எழுதும்போது முன்னறையில் கிரைண்டர் ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டு, சாந்தா ராஜாத்தியக்காவிடம் அந்த வாட்ஸ்அப் கதையை இன்னொரு தடவை சொல்லிக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறாள். அக்கா, "போதும் விடு கண்ணு" என்கிறார். அவள் விடவில்லை.

காது போகிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.